கீழே நிற்பவனின் வார்த்தை

லியோன்,
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'இனி எதுவானாலும் எழுத்தில் சொல்' என்று அப்பா அடக்கம் முடிந்த வாரம் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

மாரியப்பனின் உடல் கரடியூர் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கூடவே வந்திருக்க வேண்டியவன் நான். விசாரணை முடியும்வரை எங்கும் போக வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பழைய கட்டடங்களின் முகப்பைப் பழுதுபார்க்கும் இந்த வேலையில் நம் பக்கத்து ஆட்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். வேலையை நடத்தும் பிரெஞ்சுக்காரத் தொரைக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று பேசுகிறவன் நான் ஒருவன்தான். அவன் மனைவி கீர்த்திகாவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். நொந்துபோயிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஒரு சின்ன உதவி. ஆபீசுக்கு ஒரு அறிக்கை எழுத வேண்டும். பேச்சுப் பிரெஞ்சில் நான் சமாளித்துவிடுவேன், எழுதத்தான் வருவதில்லை. என் தலைக்குள் எல்லாம் முதலில் நம் மிஷன் ஸ்கூல் இங்கிலீஷில்தான் வந்து விழுகிறது. கீழே உள்ள ஐந்துக்கும் நல்ல பிரெஞ்சு எழுதி அனுப்பினால் போதும்: லுக் ஃபார்வர்ட் டு, கால் ஆஃப், புட் அப் வித், டேக் ஆஃப், இட் ஸ்லிப்டு ஹிஸ் மைண்ட்.

உங்களுக்கு இதெல்லாம் தூக்கத்தில் வரும். பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறீர்கள். அவசரம் இல்லை, ஆனால் வெள்ளிக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஜெப்சன்

*

ஏற்காடு,
19 அக்டோபர் 2025

ஜெப்சனுக்கு,

பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவன் இப்போது 'நீங்கள்' என்று எழுதுகிறாய். உனக்கு ஏதோ பெரிதாக வேண்டியிருக்கிறது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பெட்டி வந்தது. ஆணி அடித்து, சீல் வைத்து, மேலே பிரெஞ்சில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் என்னை அழைத்துக்கொண்டு போனார்கள், அதைப் படிக்க இந்த மலையில் வேறு ஆள் இல்லையே. திறக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நான்தான் அதை கீர்த்திகாவிடம் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், உள்ள இருக்கறது அவருதானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவள் எட்டு வயது மகள் ஹரிணி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கடைசிவரை எடுக்கவே இல்லை.

இனி உன் பட்டியல். முதலாவதற்கு 'அவ்வார் ஆத்'. ஆவலாய்க் காத்திருப்பது. இரண்டாவதற்கு 'அன்யுலே', ஒரே சொல்லில் ரத்து செய்தாகிவிட்டது. மூன்றாவதற்கு 'சுப்போர்த்தே', பொறுத்துக்கொள்வது. இங்கிலீஷ்காரன் ஒரு சின்ன வினையை வைத்துக்கொண்டு அதன் வாலை மாற்றி மாற்றி ஊரையே ஓட்டுவான். பிரெஞ்சுக்காரனிடம் அது நடக்காது, ஒவ்வொரு காரியத்துக்கும் தனித்தனிச் சொல் கேட்பான்.

அதனால்தான் நான்காவதை அப்படியே விட்டிருக்கிறேன். டேக் ஆஃப் என்றால் எதை? விமானம் கிளம்பினால் ஒரு சொல். கோட்டைக் கழற்றினால் வேறு சொல். மாட்டிய கொக்கியை விடுவித்தால் இன்னொன்று. என் வகுப்பில் உட்கார்ந்தவன்தானே நீயும்? யார் சொல்கிறார், யாரிடம், எந்த இடத்தில் நின்றுகொண்டு? இந்த மூன்றும் தெரியாமல் நான் ஒரு வரிகூட மாற்றியதில்லை. ஐந்தாவதற்கும் அதே கேள்விதான். யாருக்கு எது மறந்துபோனது?

ஈவ்லின்

*

லியோன்,
23 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

பெட்டியைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை.

இது வெறும் பாதுகாப்பு அறிக்கை. உயரத்தில் வேலை செய்யும்போது இடுப்பில் பெல்ட் மாட்டி, அதன் கொக்கியைக் கம்பியில் போட வேண்டும். ஒரு தொழிலாளி அதைக் கழற்றிவிட்டார். திரும்பப் போட மறந்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். யார், யாரிடம் என்று கேட்டால், நான் சொல்கிறேன், ஆபீசிடம்.

இன்னும் மூன்று இருக்கின்றன. ஹி வாஸ் டோல்ட் டைம் அண்ட் அகெய்ன். ஹி வுட் நாட் லிசன். ஹி ப்ராட் இட் ஆன் ஹிம்செல்ஃப். இவற்றைக் கொஞ்சம் மரியாதையான பிரெஞ்சில் எழுதித் தாருங்கள், காதுக்கு உறுத்தாமல்.

தயவுசெய்து இந்த முறை கேள்வி வேண்டாம், அக்கா. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

ஜெப்சன்

*

ஏற்காடு,
2 நவம்பர் 2025

ஜெப்சா,

திங்கட்கிழமை போய் அடுத்த ஞாயிறும் வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன்.

கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலீஷில் அவன் அதைத் தன்மேல் கொண்டுவந்தான். பிரெஞ்சில் 'இல் லா பியேன் ஷெர்ஷே', நன்றாகத் தேடிக்கொண்டான். நம் ஊரிலும் 'தானே தேடிக்கிட்டான்' என்றுதான் சொல்கிறோம். வாயாடிகள் எல்லா ஊரிலும் செத்தவனைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள் போலிருக்கிறது. இதில் மரியாதையான வடிவம் என்று ஒன்று கிடையாது. அந்த வாக்கியத்துக்கு எந்தச் சட்டை போட்டாலும் அது அப்படித்தான் நிற்கும்.

'ஒரு தொழிலாளி' என்று எழுதியிருக்கிறாய். பெயர் சொல்லக் கூச்சமா? மாரியப்பன்.

அவனை நீ என்னிடம் பிரெஞ்சு படிக்க அனுப்பியது போன வருடம் ஆகஸ்டில். உன்மேல் கோபம் இருந்தாலும் அவனுக்காக ஒத்துக்கொண்டேன். அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோதெல்லாம் ஜீப்பில் சேலம் வரை கொண்டுபோனவன் அவன்தானே, நீ இல்லையே. தினமும் ஐந்து மணிக்கு ஒண்டிக்கடையில் ஜீப்பை நிறுத்திவிட்டு நம் ஊட்டுக்கு வருவான். டூரிஸ்டுகளோடு பழகி அவனுக்கு இங்கிலீஷ் வாக்கியங்கள் நிறையத் தெரியும். ஹோல்ட் ஆன் சார், வாட்ச் அவுட் மேடம், கெட் டவுன் ஹியர். அவற்றை வைத்தே பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் இருநூறு வாக்கியம் எழுதி வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்பான்.

சென்ற வாரம் அந்த இருநூறையும் எடுத்துப் பார்த்தேன். இதோ வருகிறேன் ஐயா. உடனே செய்கிறேன். மன்னிக்கவும், எனக்குத் தாமதமாகிவிட்டது. சுமையை எங்கே வைக்க? எல்லாம் இருக்கின்றன. 'நான் ஏற மாட்டேன்' என்பது இல்லை. 'இது பாதுகாப்பாக இல்லை' என்பது இல்லை. வேலைக்குப் போகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு என்று நான் நினைத்திருக்கிறேன். மறுத்துப் பேச ஒரு வரிகூடச் சொல்லித் தராமல் அனுப்பிவிட்டேன் அவனை. இந்தக் குற்றம் என்னுடையது, இதை யார்மேலும் போட மாட்டேன்.

ஆனால் பெல்ட்டைக் கழற்றினான் என்பதை நான் நம்பவில்லை. மிளகு சீசனில் அவன் ஏறுவதை நீயும் பார்த்திருக்கிறாய். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்துவிட்டு ஒரு தடவை குலுக்கிப் பார்ப்பான். கீழே ஏணி பிடிக்கிறவர் "புடிச்சிருக்கறன், ஏறு" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை முதல் கணுவில் கால் வைக்க மாட்டான். நம் மலையில் மிளகு பறிக்கிற எல்லாரும் அப்படித்தான். கீழே நிற்கிறவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் சந்தேகப்படுவதும் கிடையாது. அது அவமரியாதை.

அன்றைக்குக் கீழே நின்றது யார், ஜெப்சா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா செத்தபோது உனக்கு லீவு தரவில்லை என்றாய். அங்கே போய்ச் சேர்ந்த மாதம் மாரியப்பன் எனக்குப் போன் செய்தான். "தொர நொம்ப நல்ல மனுசனுங்க டீச்சர். ஒருத்தன் தங்கச்சி கல்யாணத்துக்கே மூணு வாரம் லீவு குடுத்தாருங்க. ஐயா தவறுனப்ப தம்பி கேக்கவே இல்லீங்களாமா" என்றான். வெள்ளந்தியாகச் சொன்னான். நீ கேட்கவே இல்லை. பெரியவர்கள் முகம் சுளித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்தே உன் வாய் பாதி அடைத்துப்போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை நான் எட்டு மாதமாக மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் அறிக்கைக்கு இனி ஒரு வாக்கியமும் நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

ஈவ்லின்

*

லியோன்,
16 நவம்பர் 2025

அக்கா,

உன் உதவி தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் போட்டேன், ஒரு நிமிடத்தில் மூன்று பக்கமும் பிரெஞ்சாகிவிட்டது. அது யார், யாரிடம் என்றெல்லாம் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மலையில் உட்கார்ந்துகொண்டு அகராதியைப் புரட்டுகிறவர்களுக்கு நியாயம் பேசுவது சுலபம். எனக்கு ஜனவரியில் தங்கும் அட்டை புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கம்பெனி கடிதம் தர வேண்டும். பதினொரு பேரும் அதே கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள், மற்றவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் ஒருவன் மாட்டேன் என்றால் செத்தவன் எழுந்து வந்துவிடுவானா?

என் வேலை ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்வது. அதற்குத்தான் சம்பளம். தீர்ப்புச் சொல்ல என்னை யாரும் வைக்கவில்லை.

அப்பா விஷயத்தை இப்போது இழுத்தது நன்றாக இல்லை.

ஜெப்சன்

*

ஏற்காடு,
8 டிசம்பர் 2025

ஜெப்சனுக்கு,

போன வாரம் கீர்த்திகாவுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. உன் கம்பெனியிடமிருந்து. நாலு பக்கம் பிரெஞ்சு. அவள் அதைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு கரடியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். ஹரிணியும் வந்திருந்தது. காப்பிப் பழம் பறிக்கும் நாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நான் முதலில் மனதுக்குள் படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊட்டு நிலோஃபரிடம் குழந்தையை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். 'பிறகு படிக்கலாம்' என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் உன் மாதிரிதான். வரிவரியாகத் தமிழில் சொன்னேன், எதையும் விடவில்லை, எதையும் மழுப்பவில்லை.

அவனுக்கு அவனுடைய சொந்த மொழியில் பலமுறை எச்சரிக்கை தரப்பட்டது. அவன் கேட்கவில்லை. தானாகவே பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினான். நேர்ந்ததற்கு அவனே பொறுப்பு. ஆகவே குடும்பம் கம்பெனியிடம் எதையும் கோர இயலாது. எச்சரிக்கையை மொழிபெயர்த்துச் சொன்ன சாட்சியின் பெயர் ஜெப்சன் அருள்சாமி.

அந்த இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்தேன். "சொல்லுங்க டீச்சர்" என்றாள். சொன்னேன். அப்பாவின் பெயரும் உன் பெயரோடு சேர்ந்து அந்தக் கடிதத்தில் இருந்ததைப் பொறுக்க முடியவில்லை எனக்கு.

அவள் அழவில்லை. "அவரு யாரு சொன்னாலும் கேப்பாருங்களே. அதுதானுங்க அவருகிட்ட எனக்குப் புடிக்காததே" என்றாள். பிறகு, "எங்க மாமியா இத நம்பிருவாங்க. குடிச்சிருப்பான்னு ஏற்கெனவே சொல்லிட்டுத் திரியறாங்க. நாளைக்கு இந்தப் புள்ளையும் நம்பிரும்ங்க" என்றாள்.

"தம்பி எப்பிடிங்க இருக்காரு?" என்றும் கேட்டாள். உன்னைத்தான். உனக்கும் ஏதாவது அடிபட்டிருக்குமோ என்று அவளுக்குக் கவலை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீயே சொல்.

தை பிறந்ததும் அவளிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று. அவள் பெயரை எழுதினால் மாரியப்பன் கழற்றியதாகவே முடிந்துபோகும். அதற்குள் எனக்கு எழுது. அறிக்கை வேண்டாம், பிரெஞ்சு வேண்டாம். அன்றைக்கு என்ன நடந்ததோ அதைத் தமிழில், நடந்த வரிசையில் எழுது.

ஈவ்லின்

*

லியோன்,
21 டிசம்பர் 2025

அக்கா,

ஆறு தடவை எழுதி அழித்துவிட்டேன். இதை அழிப்பதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

செப்டம்பர் 26, காலை எட்டேகால். ஐந்து மாடிக் கட்டடம். முந்தின நாள் ஜன்னல் அளவெடுக்க வந்தவர்கள் சாரத்தைச் சுவரோடு பிடித்திருந்த கட்டு இரண்டைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடாமல் போய்விட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. அதை மட்டும் நம்பு.

மாரியப்பன் பாதி தூரம் ஏறிவிட்டு இறங்கி வந்தான். நானும் தொரையும் கீழே நின்றோம். "தம்பி, மேல கட்டு ஆடுதுங்க. ஒருக்கா பாக்கச் சொல்லுங்க" என்றான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் தெரியுமே, யாருக்கோ தொந்தரவு கொடுக்கிற மாதிரிச் சொன்னான். தொரை என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

குளிர்கிறதாம் என்றேன்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேலை நாலு நாள் பின்தங்கிவிட்டது என்று அன்று காலையில்தான் அவர் என்னிடம் கத்தியிருந்தார். என் தங்கும் அட்டைக்கான கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இன்னொரு கெட்ட சேதியைச் சொல்ல வாய் வரவில்லை. அஞ்சு நிமிடம் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்படித்தான் அக்கா நான் எல்லாவற்றையும் நினைக்கிறேன்.

தொரை சிரித்துவிட்டுத் தன் கையுறைகளைக் கழற்றி மாரியப்பனிடம் கொடுத்தார். அவர் நீ நினைக்கிற மாதிரி இல்லை. ஆடுகிறது என்று தெரிந்திருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார். ஆட்களின் பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பானவர். மாரியப்பனுக்குக் கையுறை எதற்கு என்று புரியவில்லை. போட்டுக்கொண்டு, "பாத்துட்டாங்களாங்க?" என்று என்னைக் கேட்டான். "பாத்தாச்சு, ஏறு. நான் கீழதான் நிக்கறன்" என்றேன்.

அப்புறம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறினான்.

பெல்ட் மாட்டித்தான் இருந்தான். கொக்கியைப் பக்கக் கம்பியில்தான் போட்டான், நான் பார்த்தேன். நாலாவது தட்டில் சாரம் வெளிப்பக்கம் சாய்ந்து அந்தக் கம்பியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. விழுந்த பிறகு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நாங்கள்தான் பெல்ட்டைக் கழற்றினோம். அதிகாரிகள் வருவதற்குள் கம்பெனி ஆட்கள் சாரத்தை நிமிர்த்திக் கட்டுகளைப் போட்டு, கம்பியையும் பழையபடி மாட்டிவிட்டார்கள். 'பெல்ட்டை அவனேதான் கழற்றியிருந்தான், இல்லையா?' என்று கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி என்னிடம் கேட்டார். கேள்வியிலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்றேன்.

குளிர் என்று நான் மாற்றிச் சொன்னது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். உனக்குள்ளேயே வைத்துக்கொள். கீர்த்திகாவுக்கு மாதாமாதம் என்னால் முடிந்ததைச் செய்கிறேன், ஹரிணியைப் படிக்க வைக்கிறேன். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

நீ என்னை வெறுப்பாய் என்று தெரியும். இருந்தாலும் அன்றைக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்கு மூச்சு நன்றாக வருகிறது.

ஜெப்சன்

*

ஏற்காடு,
4 ஜனவரி 2026

என் ஜெப்சா,

உன்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் இந்த இரண்டு வாரமும் இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் போனேன். வாய் பாடியது, மனம் உன் கடிதத்தில் இருந்தது. கோயிலை விட்டு வந்ததும் மேசையில் உட்கார்ந்து அதைப் பிரெஞ்சில் எழுத ஆரம்பித்தேன். இருபத்தேழாம் தேதி முடிந்தது. ஏழு நாள் வைத்திருந்தேன், அனுப்பவா வேண்டாமா என்று. நேற்று மத்தியானம் அனுப்பிவிட்டேன். கம்பெனிக் கடிதத்தின் அடியில் தொழிலாளர் ஆய்வு அதிகாரியின் முகவரி இருந்தது, அங்கே. உன் தமிழ்க் கடிதத்தையும் அப்படியே இணைத்திருக்கிறேன். மொழிபெயர்த்தவர், எழுதியவரின் அக்கா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

நீ நம்பிக் கொடுத்ததைத்தான் நான் வெளியே கொடுத்திருக்கிறேன். அதற்கு எந்த மொழியில் எந்தச் சொல்லைப் போட்டாலும் துரோகம்தான், நான் மறுக்கவில்லை. இங்கே சர்ச்சில், பள்ளியில், கடைவீதியில் என்னை என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள் என்பார்கள். சொல்லட்டும்.

உன் கடிதத்தை உன்மேல் இரக்கம் வருகிற மாதிரி எழுதியிருக்கலாம். எனக்கு அந்தத் திறமை உண்டு. 'குளிர்கிறதாம் என்றேன்' என்ற வரியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 'அப்படித்தான் எனக்குப் புரிந்தது' என்று ஒரு துண்டு சேர்த்தால் போதும், உனக்குத் தண்டனை பாதியாகும். எழுதினேன். எழுதிவிட்டு ஹரிணியை நினைத்தேன், அந்தத் துண்டை அடித்துவிட்டேன். அடித்துவிட்டு அப்பா சாவுக்குக்கூட அழாத அளவு அழுதேன்.

செய்த தப்பைத் தானே ஒத்துக்கொள்வதற்கு இங்கிலீஷில் 'ஓன் அப்' என்று வகுப்பில் சொல்லித் தருவேன். பிரெஞ்சில் 'அவுவே'. பிள்ளைகள் உடனே எழுதிக்கொள்வார்கள். நீ அதை என்னிடம் செய்துவிட்டாய், ஆனால் நான் மாரியப்பனின் பெண்டாட்டி இல்லையே.

கீர்த்திகாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் இப்போது போடாதே என்று சொல்லியிருக்கிறேன். சரிங்க என்றாள். மற்றதை நீ சொல்ல வேண்டும். அவள் நம்பர் கீழே இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

*

லியோன்,
30 ஜனவரி 2026

அக்கா,

மூன்று வாரம் உன்மேல் இருந்த கோபத்தை எழுதினால் இந்த மின்னஞ்சல் போதாது. எழுதவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை ஆய்வு ஆபீசில் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருந்தார். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். உன் பிரெஞ்சை அந்த அதிகாரி முழுவதும் உரக்க வாசித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்னது ஒன்றும் விடாமல், கூட்டாமல் ஒருவர் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. வாசித்து முடித்துவிட்டு, 'இதை எழுதியது நீங்களா, உங்கள் அக்காவா?' என்று கேட்டார். அக்கா கோபத்தில் இட்டுக்கட்டியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்திருப்பேன். அவர் எனக்கு யோசிக்க நேரம்கூடக் கொடுத்தார். நான் எழுதியது என்றேன்.

தொரையையும் அங்கேதான் பார்த்தேன். நடையில் நின்றுகொண்டிருந்தார். 'அவன் குளிர்கிறது என்று சொல்லவில்லையா?' என்று கேட்டார். இல்லை என்றேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர்மேலும் கம்பெனிமேலும் வழக்கு வரும், என்மேலும் வரும். அட்டை கிடைக்காது. சிறையா, திருப்பி அனுப்புவார்களா என்று மார்ச்சுக்குள் தெரியும். பதினொரு பேரில் ஒருவன்கூட என்னோடு பேசுவதில்லை, அவர்கள் கையெழுத்தும் இப்போது பொய்யாகிவிட்டது இல்லையா. மாரியப்பனின் பெயரிலிருந்து அந்தக் குற்றத்தை எடுத்துவிட்டதாகக் கம்பெனிக்கு எழுதுகிறார்கள். நகல் கீர்த்திகாவுக்கு வரும். வந்தால் நீதான் படித்துச் சொல்ல வேண்டும்.

நேற்று கீர்த்திகாவைக் கூப்பிட்டேன். உங்கள் ஊரில் மாலை ஐந்து மணி இருக்கும். "தம்பிங்களா, நல்லா இருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு ஆடியதை அவன் சொன்னதை, நான் அதை மாற்றிச் சொன்னதை, பார்த்தாச்சு என்று பொய் சொல்லி ஏற்றிவிட்டதை. பதினொரு நிமிடம். லைன் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன், பின்னால் ஹரிணி ஏதோ பாடம் படிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

நான் முடித்ததும், "இத்தன தெளிவாப் பேச வருதுங்களே உங்களுக்கு" என்றார்கள். "அன்னைக்கு அந்தத் தொரைகிட்ட இதுல ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அவரு எறங்கி ஊடு வந்திருப்பாருங்க."

ஆமாங்க என்றேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

ஜெப்சன்